சாய்த்து ஒட்டிய வெல்வெட்

மார்ச் 4

அன்புள்ள சுண்டெலிக்கு,

இந்த உறையைப் பொட்டலத்தின் மேலேயே ஒட்டியிருக்கிறேன். கோபம் தீரவில்லை என்றால் பொட்டலத்தை அப்படியே போட்டுவிடு. கடிதத்தை மட்டுமாவது படி.

போனில் பேச வழியில்லாமல் எண்ணை மாற்றிக்கொண்டாய். புது எண் உன் அண்ணனிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கேட்டால், "நான் பல்லைப் பிடுங்குறவன், எண்ணைப் பிடுங்கிக் குடுக்குறவன் இல்ல" என்கிறார். பல் மருத்துவரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான், வாயைத் திறக்கச் சொல்லும் வேலை அவருடையது மட்டும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ வேலையை விட்டுப் போன பிறகு கும்பகர்ணனுக்கு மூன்று தகடுகள் கிழிந்துவிட்டன. உன் இடத்துக்கு வந்திருக்கும் பொறியாளருக்கு முதல் நாள் நம் ஆய்வுக் கூடத்தைச் சுற்றிக் காட்டினேன். ஏன் இந்தப் பெயர் என்று கேட்டார். "எழுப்பிப் பாருங்க, புரியும்" என்றேன். பிறகு அந்த லேசர் யந்திரத்தின் வயிற்றைக் காட்டினேன். இந்தப் பக்கம் வெற்றிடம், அந்தப் பக்கம் வாயு, நடுவில் முடியைவிட மெல்லிய எஃகுத் தகடு. வெற்றிடத்திலிருந்து எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியாகப் பாய்ந்து வாயுவைக் கிளப்பிவிட வேண்டும். கிளம்பிய வாயுவுக்குள் புற ஊதா ஒளியை அனுப்பினால் அது பெருகி வெளியே வரும். தகடு கிழிந்தால் வாயு வெற்றிடத்துக்குள் பாய்ந்து ஆட்டம் முடிந்துவிடும். அவர் தகட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதை நம்பியா இவ்வளவு பெரிய யந்திரம்?" என்றார். பாவம், அடுத்த வாரமே அவர் கண்ணெதிரில் கிழிந்தது.

உன் விலாச் சட்டத்தைக் கழற்றிவிட்டோம். தகட்டைப் பின்னாலிருந்து தாங்குவதற்கு, அதே மாதிரி விலா எலும்புகள் போலக் கம்பிகள் வைத்து, அவர் புதுச் சட்டம் செய்தார். அதில் மாட்டிய தகடும் கிழிந்தது. அதுவும் உன் சட்டத்தில் கிழிந்த மாதிரியே.

துண்டுகள் பஞ்சுக்குள் இருக்கின்றன. மேலே எது, கீழே எது என்று பேனாவால் குறித்திருக்கிறேன். கையுறை போட்டுக்கொண்டு எடு, விளிம்பு வெட்டும். கூடத்தை நமக்கே விடலாமா என்று முடிவு செய்ய ஜூன் மாதம் ஆய்வுக் குழு வருகிறது. உன்னைத் தவிர இந்தத் தகட்டோடு பழகியவர்கள் யாரும் இல்லை.

அத்தை நன்றாக இருக்கிறார். உன் அறையை இன்னும் தினமும் பெருக்குகிறார்.

உன் அண்ணி


மார்ச் 19

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. மேஜையின் கீழ் இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.

கூட்டத்தில் இயக்குநர், கணக்காளர், பக்கத்துக் கூடத்தில் கண்ணாடி லேசர் செய்கிற கண்ணாடிக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, "சட்டத்தை வடிவமைச்சவங்க இன்னும் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்" என்றீர்கள். வடிவமைச்சவங்களாம். ஒரே விடுதி அறையில் ஒரே போர்வையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு படித்தவளுக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு பெயர்கூட இல்லாமல் போய்விட்டது. விடுமுறைக்கு நான் உங்களை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்காவிட்டால் நீங்கள் இன்றைக்கு எனக்கு அண்ணியே கிடையாது. தோழியையும் அண்ணனையும் சேர்த்துவைத்ததற்கு எனக்குக் கிடைத்த கூலி அது.

ஒளித் துடிப்புகளைச் சுடும் வேகத்தைக் கூட்டாதீர்கள் என்று அதற்கு முந்தின வாரம் முழுதும் தொண்டை வற்றச் சொன்னேன். அது யாருக்கும் நினைவில்லை.

இங்கே நான் சுகமாக இருக்கிறேன். இங்கே கும்பகர்ணன் கிடையாது. மூன்றாம் மாடியில் ஓர் அறை, ஒரு நீளமான மேஜை, மேஜை நிறையக் கண்ணாடிகள். நான் செய்வது மிகக் குறுகிய புற ஊதாத் துடிப்புகள். ஒரு துடிப்பு தொடங்கி முடிவதற்குள் ஒளி என் சுண்டுவிரல் அகலத்தைக்கூடத் தாண்டியிருக்காது. குழுத் தலைவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவார், அதில் ஒன்று நன்றியாக இருக்கும். கதவில் என் பெயரைப் பித்தளையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறேன்.

அம்மாவிடம் என் அறையைப் பெருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அவருக்கு முட்டி வலி.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஓட்டைகள் விலாவின் எந்த ஓரத்தில் விழுந்திருக்கின்றன? ஆர்வமெல்லாம் இல்லை, சும்மாதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
சட்டத்தை வடிவமைத்தவர்


ஏப்ரல் 2

அடி மதிப்பிற்குரியவளே,

'நீங்கள்' போட்டு எழுதினால் எனக்கு வலிக்கும் என்று நினைத்தாய். வலித்தது. திருப்தியா?

மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்று உட்கார்ந்து இரண்டு தாளைக் கசக்கிப் போட்டேன். எனக்கு அது வராது. எனக்கு வருவதெல்லாம் வேலை கொடுப்பதுதான், அதனால்தானே எனக்கு நாட்டாமை என்று பெயர் வைத்தாய். நீயும் ஒன்றும் லேசுப்பட்டவள் இல்லை. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது "அடுத்த வாரம் கிளம்புறேன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாய். அத்தை அன்றைக்குத் தட்டைக்கூட எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சும்மா கேட்டதற்குச் சும்மா சொல்கிறேன். தகட்டின் மேல் பாதியில் ஓட்டைகள் எல்லாம் விலாவின் இடது ஓரத்தில் இருக்கின்றன. கீழ்ப் பாதியில் எல்லாம் வலது ஓரம். உன் சட்டத்தில் இதைப் பார்த்துத்தான் சட்டம் கோணலாக இருக்கிறது என்று முடிவுகட்டினேன். புதுச் சட்டத்தை மட்டம் வைத்து, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து மாட்டினோம். அதிலும் மேலே இடது, கீழே வலது. சுடும் வேகத்தையும் பாதியாகக் குறைத்துப் பார்த்துவிட்டேன். தகடு இன்னும் கொஞ்ச நேரம் தாங்கியது, பிறகு அதே இடத்தில் கிழிந்தது. ஆக உன் பேச்சும் முழுக்கச் சரியில்லை, என் பேச்சும் முழுக்கச் சரியில்லை.

கண்ணாடிக்காரர்கள் கூடத்தின் நீளத்தை அளந்துவிட்டுப் போனார்கள். கும்பகர்ணனை அப்புறப்படுத்தினால் அவர்களுடைய புது லேசரை எங்கே வைப்பது என்று தரையில் சாக்பீஸால் கோடுகூடப் போட்டிருக்கிறார்கள். நான் அழிக்கவில்லை. தினமும் அந்தக் கோட்டின் மேலேயே நடந்து போகிறேன்.

அவர்களுடைய லேசரில் ஒளியைப் பெருக்கும் கண்ணாடி சூடானால் ஆறும்வரை காத்துக் கிடக்க வேண்டும், விரிசல் விட்டால் தூக்கிப் போட வேண்டும். வாயு விரிசல் விடாது. சூடானதைத் தள்ளிவிட்டுக் குளிர்ந்ததை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கலாம். மிளகைவிடச் சிறிய எரிபொருள் உருண்டையை எல்லாப் பக்கமும் ஒரே சீராக நசுக்கி அணுக்கருக்களை இணைய வைக்க வேண்டும், அதையும் நொடிக்குப் பல முறை செய்ய வேண்டும் என்றால், அதற்கு நம்முடைய புற ஊதா ஒளிதான் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் தகட்டின் மேல்தான்.

நேற்று அத்தை, "அந்த வாயு அப்படி என்னதான் பண்ணுது?" என்று கேட்டார். கிரிப்டான் யாரோடும் சேராத ஜாதி, ஃபுளோரின் யாரையும் விடாத ஜாதி, ஓர் உதை கொடுத்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், உடனே ஒளியைக் கொடுத்துவிட்டுப் பிரிந்துபோகும் என்றேன். "அவ்வளவு நேரத்துக்கு எதுக்குச் சேரணும்?" என்றார். ஒளிக்காகத்தான் என்றேன். அவருக்கு அது நியாயமாகப் படவில்லை.

படமெல்லாம் எடுத்து அனுப்ப மாட்டேன். இழுப்பறையைத் திற.

அண்ணி


ஏப்ரல் 16

நாட்டாமைக்கு,

பிரித்துவிட்டேன். நீ எழுதிய அந்த மேலே இடது, கீழே வலது என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

துண்டுகளை மேஜை மேல் பொருத்திப் பொருத்தி முழுத் தகடாக அடுக்கினேன். தலைவர் வந்து நின்று பார்த்தார். "உங்க பழைய வீடா?" என்று கேட்டுவிட்டு எனக்கு ஒரு நல்ல பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஃபுளோரின் பட்டு மங்கியிருப்பது வாயுப் பக்கம், பளபளப்பு மாறாதது வெற்றிடப் பக்கம். முதலில் அதைப் பிரித்துக்கொண்டேன். பிறகு ஒவ்வோர் ஓட்டையாகக் குறித்து, அவற்றை ஒரு கோட்டால் இணைத்தேன். கோடு சாய்வாக வந்தது. ஒவ்வொரு விலா இடைவெளியிலும் அதே சாய்வுதான்.

சட்டமும் கோணல் இல்லை, உன் வேகமும் குற்றவாளி இல்லை. எலெக்ட்ரான் கற்றைதான் வழியில் திரும்புகிறது.

யோசித்துப் பார். மின்னழுத்தம் கொடுத்ததும் எலெக்ட்ரான்கள் வெல்வெட் துணிப் பட்டைகளின் முடி நுனிகளிலிருந்து கிளம்புகின்றன. பட்டைகளை நாம் விலாக்களுக்கு இடையே உள்ள சந்துகளுக்கு நேராக, செங்குத்தாக ஒட்டியிருக்கிறோம். கற்றை நாடா மாதிரி நேராகத்தான் கிளம்புகிறது. அது விரிந்துவிடாமல் இருக்கக் காந்தப் புலம் வைத்திருக்கிறோம் அல்லவா? கூட்டமாகப் போகும் எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ள, காந்தப் புலம் அந்தத் தள்ளலைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. நாடா தகட்டை எட்டும்போது கொஞ்சம் முறுகிவிடுகிறது. மேல் முனை ஒரு விலாவில் போய் மோதுகிறது, கீழ் முனை எதிர்ப்பக்கத்து விலாவில் மோதுகிறது. விலா பழுக்கச் சூடாகிறது, அதை ஒட்டியிருக்கும் தகடு ஓட்டையாகிறது. வேகமாகச் சுட்டால் சீக்கிரம் ஓட்டை விழும், மெதுவாகச் சுட்டால் தாமதமாக விழும். அதனால்தான் நம் இருவருக்கும் ஆளுக்குப் பாதி சரியாகத் தெரிந்தது.

சாரல் சாய்ந்து அடிக்கும்போது யாராவது குடையை நேராகப் பிடிப்பார்களா? பட்டைகளை எதிர்ப்பக்கமாகச் சாய்த்து ஒட்டு. போய்ச் சேரும்போது கற்றை நிமிர்ந்துவிடும். இப்போது விலாவைக் காய்ச்சிக்கொண்டிருப்பது எல்லாம் வாயுவுக்குப் போகும். தகடும் பிழைக்கும், ஒளியும் கூடும். சாய்வு ஆறு டிகிரிக்குச் சற்று மேல் வருகிறது. கணக்கும் படமும் இணைத்திருக்கிறேன்.

ஆனால் விளையாட்டில்லை. வெற்றிடத்தை உடைத்து, கும்பகர்ணனின் வயிறு முழுவதையும் திறக்க வேண்டும். பட்டைகள் தப்பான பக்கம் சாய்ந்துவிட்டால் முறுக்கு இரண்டு மடங்காகும். முதல் ஷாட்டிலேயே தகடு போய்விடும். குழு வருவதற்கு முன்னால் இதைச் செய்யத்தான் வேண்டுமா என்று நீ முடிவு செய்.

இன்னொன்று. என்னை இங்கே நிரந்தரமாக்குவதாகச் சொல்கிறார்கள். ஜூலை தொடக்கத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மாவிடம் இப்போது சொல்லாதே.

சுண்டெலி

(இந்தக் கடிதத்தில் கோபமாக இருக்க மறந்துவிட்டேன். அடுத்ததில் சேர்த்துக்கொள்கிறேன்.)


மே 5

சுண்டெலி,

திறந்துவிட்டேன்.

உன் கணக்கைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். கற்றை மொத்தமாகத் திரும்புமா என்று நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! ஒவ்வொரு நாடாவும் தன் பாட்டுக்கு முறுகும் என்று யோசிக்கவே இல்லை. புதுப் பொறியாளரிடம் காட்டினேன். இரண்டு நாள் எடுத்து, தானே வேறு வழியில் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். அவருக்கும் ஆறு டிகிரிக்கு மேல்தான் வந்தது. பிறகு இயக்குநரிடம் போனேன்.

இயக்குநர் நல்லவர் என்பது உனக்குத் தெரியும். நல்லவர்கள் கொடுக்கும் அறிவுரையைத்தான் தட்டுவது கஷ்டம். "இப்பத் திறக்காதீங்கம்மா. குழு வர்ற அன்னிக்கு மெதுவா, நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு சுட்டுக் காட்டுங்க. தகடு தாங்கும். பார்த்துட்டுப் போயிடுவாங்க" என்றார்.

"பார்த்துட்டுப் போயிடுவாங்க சார். போகும்போது கூடத்தையும் கண்ணாடிக்காரங்க கையில குடுத்துட்டுப் போயிடுவாங்க" என்றேன். "நிமிஷத்துக்கு ஒண்ணு சுடறதுக்கு நாம எதுக்கு? வேகமாச் சுட முடியும்னுதானே இத்தனை வருஷமாச் சொல்லிட்டிருக்கோம்?"

"திறந்து, மறுபடி மூட முடியாமப் போனா?"

"வயித்தைத் திறந்து போட்ட யந்திரத்துக்குப் பக்கத்துல நான் நிப்பேன். உங்களை நிக்கச் சொல்ல மாட்டேன்."

அவர் கணக்குத் தாள்களைத் தன் பக்கம் இழுத்துப் புரட்டினார். கடைசியில், "கணக்கு யாரோடது?" என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். "அப்படின்னா திறங்க" என்றார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பழைய பட்டைகள் கருகிப் போயிருந்தன. புது வெல்வெட் வாங்க நானே கடைத் தெருவுக்குப் போனேன். மெத்தை, திரைத் துணி விற்கிற கடை. ஒவ்வொரு துணியாக உருவிப் போட்டு, விரலால் எதிர்த்துத் தடவி, பையில் கொண்டுபோயிருந்த லென்ஸை வைத்துப் பார்த்தேன். முடி நெருக்கமாகவும் ஒரே உயரமாகவும் இருக்க வேண்டும் அல்லவா? கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சோபாவுக்கா, ஜன்னலுக்கா?" என்றார். "யந்திரத்துக்கு" என்றேன். "வெயில் படுமா? சாயம் போகாது" என்றார். அரை மில்லியன் வோல்ட் படும் என்று சொல்ல வாய்வரை வந்தது. அவருக்கு எதற்கு அந்தக் கவலை என்று விட்டுவிட்டேன்.

சரியான முடி கருஞ்சிவப்பில்தான் கிடைத்தது. கும்பகர்ணனின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தால் நாடக அரங்கு மாதிரி இருக்கப் போகிறது. மிச்சத் துணியில் தலையணை உறை தைக்கலாமா என்று அத்தை கேட்கிறார்.

நாளை மறுநாள் ஒட்டத் தொடங்குகிறோம். நிரந்தர வேலையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. கவனித்திருப்பாய். சொல்ல நிறைய இருக்கிறது, பட்டையை ஒட்டி முடித்துவிட்டுச் சொல்கிறேன்.

அண்ணி


மே 9

நாட்டாமை,

எட்டு மாதம் கழித்து நேற்றுத்தான் உன் குரலைக் கேட்டேன். தெரியாத எண் என்று நினைத்து எடுத்தேன். வணக்கம் இல்லை, எப்படி இருக்கிறாய் இல்லை. "படம் எந்தப் பக்கத்துலருந்து பார்த்து வரைஞ்சது?" என்றாய். "வாயுப் பக்கம்" என்றேன். வைத்துவிட்டாய். அண்ணன் கையிலிருந்து என் எண்ணை எப்படிப் பிடுங்கினாய் என்பதை இன்னொரு நாள் கேட்டுக்கொள்கிறேன்.

வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வாயுப் பக்கம் நின்று பார்த்தால் இடது என்பது வெல்வெட் பக்கம் நின்று பார்த்தால் வலது. நீ பட்டையையும் பசையையும் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பாய். படத்தின் ஓரத்தில் நான் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. உடனே துண்டுகளை மறுபடி மேஜையில் பரப்பினேன். மங்கிய பக்கம் மேலே இருக்கும்படிதான் அடுக்கியிருந்தேன். ஒரு காகித நாடாவை முறுக்கி, முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் பிடித்துப் பார்த்தேன். மாணவர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். காந்தச் சுருளில் மின்சாரம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதையும் சேர்த்து முதலிலிருந்து கணக்குப் போட்டேன். வாயுப் பக்கம்தான். நேற்று நம்பிக்கையில் சொன்னேன், இன்றைக்குச் சத்தியமே செய்கிறேன்.

நீ ஏன் வேறெதுவும் பேசாமல் வைத்தாய் என்று முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். பேசியிருந்தால் நாம் இருவரும் சண்டை போட்டிருப்போம், பசை காய்ந்துபோயிருக்கும்.

இந்தக் கடிதம் வருவதற்குள் முதல் ஷாட் முடிந்திருக்கலாம். நல்லதோ கெட்டதோ, எனக்கு மறைக்காமல் எழுது.

சுண்டெலி


ஜூன் 18

என் சுண்டெலிக்கு,

முதல் ஷாட் உன் கடிதத்துக்கு முன்னால் நடந்தது உண்மைதான். ஆனால் உடனே எழுதக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். ஒரு ஷாட் தாங்குவது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். குழு வந்து போகட்டும், முழுக்கதையாகச் சொல்லலாம் என்று விட்டேன். திட்டிக்கொள்.

முதல் ஷாட்டுக்குப் பொறியாளர் கண்ணை மூடிக்கொண்டார். இடி மாதிரி வழக்கமான சத்தம், அதற்குப் பிறகு வெற்றிடமானியின் முள் அசையவில்லை. நாங்கள் இருவரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒளியின் அளவு யாருக்கும் நினைவில்லை, பிறகு போய்ப் பார்த்தால் பழைய அளவைவிட மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. நீ சொன்னபடி விலாவுக்குப் போய்க்கொண்டிருந்தது எல்லாம் வாயுவுக்குப் போயிருக்கிறது. அதன் பிறகு மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டினோம்.

குழு நேற்று வந்தது. கண்ணாடிக்காரர்களின் ஆள் ஒருவர், இயக்குநர், வெளியிலிருந்து ஐந்து பேர். அவர்களில் நெட்டையான ஓர் அம்மாள்தான் தலைவர். சிரிக்கவே மாட்டார். கும்பகர்ணனை எழுப்பினேன். நொடிக்கு ஐந்து. கூடத்தின் தரை நாடி மாதிரித் துடித்தது. ஒரு நிமிடத்தில் நிறுத்துவேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். காதுக் கவசத்தோடு பேச முடியாமல் அவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கண்ணாடிக்காரர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, போதும் என்று சைகை செய்தார். நான் நெட்டை அம்மாளைப் பார்த்தேன். அவர் தொடரட்டும் என்று கையசைத்தார். அவர்கள் தேநீர் குடிக்கப் போகும் வரைக்கும் ஓடியது. அவர்களுக்காகத்தான் நிறுத்தினேன், தகட்டுக்காக இல்லை.

கூட்டத்தில் அந்த அம்மாள், "பட்டையைச் சாய்க்கறது யாரோட யோசனை?" என்று கேட்டார். உன் பெயரைத் தலைப்பெழுத்தோடும் பட்டத்தோடும் சொன்னேன். அது கூட்டக் குறிப்பில் ஏறும்வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். போன கூட்டத்தின் குறிப்பில் சட்டத்தைப் பற்றி நான் சொன்ன வரி தவறு, அதை அடித்துவிட்டு என் கையெழுத்தைப் போடுகிறேன் என்றும் சொன்னேன். இயக்குநர் அந்தக் கோப்பை எடுத்துவரச் சொல்லி, அங்கேயே அடிக்க வைத்தார். உன் அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "மயக்க ஊசி போடாமலேயேவா?" என்றார்.

மூன்று வருடத்துக்குக் கூடம் நமக்கு. சாக்பீஸ் கோட்டை இன்று காலை பொறியாளர் ஈரத்துணியால் துடைத்தார்.

ஆனால் அந்த அம்மாள் கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னார். "பலம் இருக்கு. ஆனா உருண்டையை நசுக்கறதுக்கு இது ரொம்ப நீளமான துடிப்பு. சுருக்கமா அடிக்கத் தெரியணும்." தெரிந்தவள் இங்கே இல்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

சொல்ல வேண்டியதை இப்போது சொல்கிறேன். திரும்பி வா. கும்பகர்ணனுக்குத் தலைவி நீ. நான் வாயுவையும் கண்ணாடிகளையும் பார்த்துக்கொள்கிறேன். இயக்குநர் ஒப்புக்கொண்டுவிட்டார். இது சமாதானம் செய்வதற்காகக் கொடுப்பது இல்லை, உனக்கு உரியது. யோசித்து எழுது.

அண்ணி


ஜூலை 3

அடி நாட்டாமை,

உன் கடிதத்தை மாடிப்படியில் நின்றபடியே படித்தேன். முள் அசையவில்லை என்ற இடம் வந்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். தலைவர் மேலே ஏறி வந்தவர் என்னைப் பார்த்து, "நல்ல செய்தியா?" என்றார். தலையாட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அவரோடு நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

உன் அழைப்பைப் பற்றி நான்கு நாள் யோசித்தேன். தலைவி நாற்காலி எனக்கு ஆசையில்லாமல் இல்லை. ஆனால் வர மாட்டேன். இங்கே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

கோபத்தில் போட்டதில்லை, நம்பு. நான் அங்கே இருந்தவரை உன் யந்திரத்தின் தகட்டுக்குக் காவல் இருந்தேன். நன்றாகத்தான் காவல் இருந்தேன். இந்த மேஜையில் நடப்பது மட்டும் முதலிலிருந்து என்னுடைய கேள்வி. இதை விட்டுவிட்டு வந்தால் நான் அங்கேயும் முழுசாக இருக்க மாட்டேன். உனக்கு அது இரண்டே வாரத்தில் தெரிந்துவிடும், என்னைவிட நீதான் முதலில் கண்டுபிடிப்பாய்.

ஆனால் அந்த நெட்டை அம்மாள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். என் துடிப்பு சுருக்கமானது, ஆனால் கொசுக்கடி. எதையும் நசுக்காது. உன்னிடம் பலம் இருக்கிறது, சுருக்கம் இல்லை. வாயுவால் ஆற்றலைச் சேர்த்து வைக்க முடியாது என்பதுதான் சிக்கல். குழாயில் தண்ணீர் வருகிறது, தொட்டி கிடையாது, வரும்போதே பிடித்தாக வேண்டும். அதனால் ஒரு குடம் வைத்தால் போதாது. என் ஒரு துடிப்பைப் பல துடிப்புகளாகப் பிரித்து, வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் வேறு கோணத்தில் கும்பகர்ணனுக்குள் அனுப்பலாம். ஒவ்வொன்றும் தன் பங்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வரும். முதலில் பிடித்ததைச் சுற்று வழியில் விடுவோம், கடைசியில் பிடித்ததைக் குறுக்கு வழியில் விடுவோம். உருண்டையின் வாசலில் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். சுற்று வழிக்கு உன் கூடத்தின் நீளம் முழுவதும் வேண்டும். கண்ணாடிக்காரர்கள் அளந்து வைத்திருப்பார்களே, அந்த அளவை வாங்கி அனுப்பு.

தலைவரிடம் இதைச் சொன்னேன். எனக்காகப் பதினொரு வார்த்தை பேசினார். செப்டம்பரில் என் லேசரோடும் இரண்டு மாணவர்களோடும் வருகிறேன். என் ஆய்வகத்தின் பெயரில், என் பரிசோதனையாக வருகிறேன். தகடும் வாயுவும் உன் பொறுப்பு, துடிப்பும் இலக்கும் என் பொறுப்பு. ஒருவர் வேலையில் மற்றவர் தலையிட்டால் அன்றைக்குச் சமையல் அவருடையது. ஒரு வருடம் ஓட்டிப் பார்ப்போம். முதல் முழு ஷாட்டுக்குப் பொத்தானை நான்தான் அழுத்துவேன், இதில் பேரம் கிடையாது.

அம்மாவிடம் நானே பேசிவிட்டேன். நிரந்தரம் என்றதும், "வர்றப்ப சாவி எடுத்துட்டு வா, கதவைத் திறக்க நான் எழுந்து வர மாட்டேன்" என்றார். முட்டி வலிக்காகச் சொன்னாரோ, கோபத்தில் சொன்னாரோ, தெரியவில்லை. நீ பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்.

இப்போது அவசரமான விஷயம். மொத்தம் மூன்று மரப்பெட்டிகள். பெரியதில் இருக்கும் மேஜையைப் பிரிக்க முடியாது, பிரித்தால் மறுபடி நேராக்க ஒரு வருடம் ஆகும். கூடத்தின் பக்கவாட்டுக் கதவை நாளைக்கே அளந்து எழுது. நிலையின் உள்பக்கத்து அளவு, வெளிப்பக்கத்து அளவு இல்லை. எந்தப் பக்கம் நின்று அளந்தாய் என்பதையும் எழுதிவிடு. கதவு போதாவிட்டால் இயக்குநரிடம் போய்ப் பேசிச் சுவரை இடிக்க ஏற்பாடு செய். பெட்டியைச் சின்னதாக்க என்னால் முடியாது.

சுண்டெலி